கோப்பில் விழும் முதல் அடி



பழைய பொதுக் கட்டடங்கள் இடிபடாமல் காப்பதில் ஊராரின் பங்கைப் பற்றி இந்த அறக்கட்டளைக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். சென்னையை வைத்தே பேசுகிறேன். கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த நகரம் சில கட்டடங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பலவற்றைக் கோட்டை விட்டிருக்கிறது. எது பிழைத்தது, எது போனது, ஏன் என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கடப்பாரை விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கட்டடத்தின் கதை ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. நாமோ கடப்பாரையைக் கண்ட பிறகுதான் ஓடுகிறோம். கோப்பு திறக்கும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

மூர் மார்க்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். இங்கே வயதில் மூத்தவர்கள் சிலருக்கு அதன் உள்ளே நடந்த நினைவு இருக்கும். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரால் 1900இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, பொம்மை, பறவை, துணிமணி என்று கிடைக்காத பொருள் இல்லை. கல்லூரிப் பாடப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்து முன்னுக்கு வந்த தலைமுறை ஒன்று இந்த நகரத்தில் உண்டு. சென்ட்ரலை ஒட்டிய அந்த நிலம் ரயில்வேக்கு வேண்டும் என்ற பேச்சு இருந்துகொண்டிருந்த காலத்தில், 1985 மே 30 அன்று கட்டடம் தீப்பற்றி எரிந்தது. இன்று அங்கே புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அதற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். வளாகத்தில் பழைய கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீயைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது தீக்குப் பிறகு நடந்தது. கடைக்காரர்கள் தங்கள் பிழைப்புக்காகப் போராடினார்கள். அவர்களுக்குப் பின்புறம் அல்லிக்குளத்தில் இடம் கிடைத்தது. கட்டடத்துக்காகப் போராட ஒழுங்கான ஓர் அமைப்பு அன்று இங்கே இல்லை. இன்டாக் என்கிற பாரம்பரியக் காப்பு அமைப்பு டெல்லியில் தொடங்கப்பட்டதே அதற்கு முந்தைய ஆண்டு, 1984இல்தான். நகரத்தின் பழைய கட்டடங்களுக்கென்று சட்டம் ஒப்புக்கொண்ட பட்டியல் ஏதும் இல்லை. எந்தக் கட்டடம் இடிக்கக் கூடாதது என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1993இல், கடற்கரைச் சாலையில் உள்ள காவல்துறைத் தலைமையகத்தை இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் கட்ட அரசு முடிவெடுத்தது. வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1839இல் ஃப்ரீமேசன் சங்கத்தார் தங்கள் கூட்டங்களுக்காகக் கட்டியது. 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் காவல்துறை அதில் குடியேறியது. 1874இல் 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிக்கொண்டது. இந்த முறை இன்டாக் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடிப்புக்குத் தடை கிடைத்தது. ஆனால் தடை மட்டுமே அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றிவிடவில்லை. தடை வாங்கிய பிறகு பூட்டிப் போட்டு வைத்திருந்தால் அது பத்தாண்டில் தானே விழுந்திருக்கும். காவல்துறையே அதைப் பழுதுபார்த்து அதிலேயே இருப்பது என்று முடிவெடுத்ததுதான் திருப்பம். கூடுதல் இடத்துக்குப் பின்புறம் புதிய கட்டடம் எழுந்தது. முன்னால் இருப்பது இன்றும் வேலை செய்யும் அலுவலகம். காலையில் கோப்புகள் உள்ளே போகின்றன, மாலையில் வெளியே வருகின்றன. பழைய கட்டடத்துக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

அதே சாலையில் சற்றுத் தள்ளி ராணி மேரிக் கல்லூரி. 1914இல் தொடங்கப்பட்ட, சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி. முதல் முதல்வர் டாரதி டி லா ஹே. கேப்பர் ஹவுஸ் என்ற பழைய வீட்டில்தான் வகுப்புகள் தொடங்கின. 2003இல் அந்த வளாகத்தை எடுத்துப் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்தார்கள். ஏப்ரல் மாத வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். முன்னாள் மாணவிகள் வந்தார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே கல்லூரியில் படித்த குடும்பங்கள் வந்தன. எதிர்க்கட்சித் தலைவர்கள் வந்தார்கள், கைதானார்கள். வழக்குகள் போடப்பட்டன. கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அந்தப் பெண்கள் கட்டடக்கலையைப் பற்றிப் பேசவில்லை. தூணின் பாணி என்ன, வளைவின் பாணி என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘இது எங்கள் கல்லூரி’ என்றார்கள். நீதிமன்றத்தில் நிற்கும் வாதங்கள் ஆயிரம் இருக்கலாம். தெருவில் நிற்கும் வாதம் இது ஒன்றுதான். ஆனாலும் இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கல்லூரி பிழைத்தது, கேப்பர் ஹவுஸ் பிழைக்கவில்லை. பின்னாளில் அது இடிக்கப்பட்டு அந்த இடத்தில் கலைஞர் மாளிகை எழுந்தது. 2003இல் சாலையை நிறைத்த கூட்டம் அப்போது வரவில்லை. வளாகம் முழுவதும் போகிறது என்றபோது திரண்டவர்களுக்கு, உள்ளே ஒரு கட்டடம் பழுதாகிப் போவது சண்டையாகத் தெரியவில்லை. கல்லூரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இதற்கு நேர் எதிரான கதை அண்ணா சாலையில் நடந்தது. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துக்குள் ஒரு மாளிகை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1753இல் ஒரு போர்த்துகீசியக் குடும்பத்திடமிருந்து வாங்கிய வீடு. பிறகு விரிவாகி, தலைமுறை தலைமுறையாக ஆளுநர்கள் இருந்த மாளிகை. அதன் விருந்து மண்டபமாக 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் கட்டியதுதான் இன்றைய ராஜாஜி மண்டபம். தலைவர்களின் உடல்களை மக்கள் கண்ணீரோடு வந்து பார்த்த அதே மண்டபம். 2008இல் புதிய சட்டமன்ற வளாகம் கட்டுவதற்காக மாளிகை இடிக்கப்பட்டது. மண்டபம் தப்பியது, அதைப் பெற்றெடுத்த வீடு போய்விட்டது. புதிய வளாகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியது. 2014இல் அந்த வளாகம் மருத்துவமனை ஆனது. இன்று ஏழை எளியவர்கள் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வீட்டை எந்தத் தேவைக்காக இடித்தோமோ, அந்தத் தேவை இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை.

ஏன் அந்த மாளிகைக்காகக் கூட்டம் திரளவில்லை? அது தோட்டத்தின் உள்ளே, மதிலுக்குப் பின்னால் இருந்தது. அங்கே படித்தவர்கள், அங்கே பிறந்தவர்கள், அங்கே கடை வைத்திருந்தவர்கள் என்று யாரும் இல்லை. ஊரார் அதன் படியில் ஏறியதே இல்லை. ஏறாத படியைக் காப்பாற்ற யார் வருவார்? இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1993இலும் 2003இலும் இடிக்க முடிவெடுத்தது ஒரு கட்சியின் ஆட்சி. 2008இல் இடித்தது இன்னொரு கட்சியின் ஆட்சி. ஆகவே இதைக் கட்சிக் கணக்காகப் பார்ப்பதில் பயனில்லை. நிலம் எங்கே காலியாகக் கிடைக்கும் என்று தேடும் கண்ணுக்குப் பழைய கட்டடம் எப்போதும் காலி மனையாகத்தான் தெரியும்.

இனி அண்ணா சாலையிலேயே இன்னொரு கட்டடம். பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று பெயர். அதற்கு முன்பு கார்டில் பில்டிங். டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக 1897இல் எழுந்தது. கூம்பு கோபுரங்களும் சிவப்புச் செங்கல் வளைவுகளுமாக அந்தச் சாலையிலேயே அழகான கட்டடமாக இருந்தது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யிடம் வந்து சேர்ந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் மீண்டும் நீதிமன்றம் போனது. தடை வருவதற்குள் ஒரு பகுதி போய்விட்டிருந்தது. 2010இல் வந்த தீர்ப்பு அந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்றதோடு நிற்கவில்லை. நகரத்துக்கு ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்புக்குத் துணை நின்றது பழைய கட்டடங்களின் பட்டியல் ஒன்று. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? விளம்பரப் பலகை வழக்கிலிருந்து. சாலையோரப் பலகைகளை அகற்றும் வழக்கு ஒன்றில், எந்தெந்தப் பழைய கட்டடங்களைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்று கேள்வி வந்தது. அதைக் கண்டறிய நீதிபதி இ. பத்மநாபன் தலைமையில் குழு அமைந்தது. குழு நகரைச் சுற்றி 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் குறித்தது. பலகைகளுக்காகப் போட்ட பட்டியல் கட்டடங்களுக்குக் கவசமாயிற்று. ஒரு தாளில் பெயர் எழுதப்பட்டிருப்பதன் வலிமையை நான் இதைவிட வேறு எதிலும் கண்டதில்லை. பம்பாய் 1995இலேயே இத்தகைய பட்டியலையும் விதிகளையும் வகுத்துக்கொண்டது. நம் மாநிலத்தில் 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. பழைய சின்னங்களைக் காக்க 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது நினைவுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டவற்றுக்கு. தாலுகா அலுவலகம், பள்ளிக்கூடம், சந்தை, மருத்துவமனை என்று புழக்கத்தில் இருக்கும் கட்டடங்கள் பெரும்பாலும் அதில் வராது.

சரி, தீர்ப்பு வந்த பிறகு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்ன ஆயிற்று? பல ஆண்டுகள் கூரையின்றிச் செடி முளைத்து நின்றது. சட்டம் கடப்பாரையைத் தடுக்கும், மழையைத் தடுக்காது.

மழை என்று சொன்னதால் கொஞ்சம் கூரைமேல் ஏறிப் பார்ப்போம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சென்னையின் பழைய பொதுக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைச் சாய்வாகக் குத்தவைத்து, சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதித்துப் பூசுவார்கள். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. நூறு நூற்றைம்பது ஆண்டு மழை அதன் மேல் விழுந்து ஓடியிருக்கிறது.

இந்தக் கூரை எப்படிச் சாகிறது என்பதை ஓர் அரசு அலுவலகத்தில் நேரில் கண்டேன். பெயர் வேண்டாம். மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாய் வாயில் இலைச் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன. அதை எடுக்க ஒரு ஆள், அரை மணி நேரம் போதும். யாரும் எடுக்கவில்லை. தேங்கிய நீர் கைப்பிடிச் சுவர் ஓரமாக இறங்கியது. தேக்குக் கட்டையின் நடுப்பகுதி கல்லைப் போல இருந்தது. சுவருக்குள் செருகியிருந்த முனை மட்டும் விரல் வைத்தால் உதிர்ந்தது. கட்டை எப்போதும் முனையில்தான் அழுகும், அங்கேதான் காற்று இல்லை. கீழே அலுவலகத்தில் கசிவு தெரிந்ததும் மேலே சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே போன ஈரம் வெயிலில் வெளியேறும். சிமென்ட் அந்த வழியையும் அடைத்துவிட்டது. சாந்து உப்பி விழத் தொடங்கியது. சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று. கசிவுக்கு நேர் கீழே பதிவேட்டு அலமாரி. அதன் மேல் தார்ப்பாய். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. அந்த எழுத்தர் அம்மாள் சொன்னார்: ‘சார், மழைக்காலத்துல நாங்க பேப்பரைக் காப்பாத்துறதா, தலையைக் காப்பாத்துறதா?’ அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இத்தனை வருடம் அந்த ஈரத்தில் உட்கார்ந்தவர் புதுக் கட்டடம் வேண்டும் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த நிலையில்தான் கோப்பு திறக்கிறது. ஒரு பொறியாளர் வருகிறார், பார்க்கிறார். ‘கட்டடம் மிகவும் பழுதடைந்துள்ளது, பயன்பாட்டுக்கு உகந்ததல்ல, இடித்து அப்புறப்படுத்தலாம்’ என்று ஒரு குறிப்பு. எந்த அறை, எந்தக் கட்டை, எத்தனை கட்டை கெட்டிருக்கிறது, மாற்றினால் என்ன செலவு என்று அந்தக் குறிப்பில் இருக்காது. அந்தப் பொறியாளர் கெட்டவர் அல்லர். அவர் கல்லூரியில் படித்தது கான்கிரீட். அவர் கையில் இருக்கும் விலைப்பட்டியலில் பழைய தேக்குக் கட்டையின் முனையை வெட்டி ஒட்டுவதற்கும், கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைப்பதற்கும் தக்க இனம் இருக்காது. அந்த வேலை தெரிந்த கொத்தனார் எங்கே இருக்கிறார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இடிக்கலாம் என்று எழுதினால் நாளை யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. இருக்கட்டும் என்று எழுதி, ஒரு துண்டுச் சாந்து யார் தலையிலாவது விழுந்தால் அவர் வேலை போகும். எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி மேரி கட்டடத்தைவிடப் பெரிய சான்று இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்து நகரசபை மாளிகை. கடற்கரையைப் பார்த்து நின்றது. இடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதுப்பிக்க வேண்டும் என்றுதான் ஊரே பல ஆண்டுகள் பேசியது. பேசிக்கொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் 29 அன்று, மழையில், தானே சரிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். தோற்றம் திரும்பி வந்தது, நல்லது. பழைய சுவர் திரும்பி வரவில்லை.

வெள்ளைக்காரன் கட்டிய கட்டடத்தை நாம் ஏன் கட்டிக்காக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். இன்றும் யார் மனத்திலாவது இருக்கும். மூர் மார்க்கெட்டைக் கட்டிய ஒப்பந்ததாரர் சுப்பிரமணிய ஐயர். உயர் நீதிமன்றத்தையும் விக்டோரியா பொது மண்டபத்தையும் எழுப்பியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1913இல் திறந்த ரிப்பன் கட்டடத்தைக் கட்டியவர் லோகநாத முதலியார். செங்கல் சுட்டவர், சுண்ணாம்பு அரைத்தவர், கூரை தட்டிய பெண்கள் யார் பெயரும் கல்வெட்டில் இல்லை. அத்தனை பேரும் இந்த மண்ணின் மக்கள். செலவான பணம் இந்த ஊர்ப் பணம். அடிமைப்பட்டிருந்த காலத்திலும் நம் கைகள் என்ன செய்யத் தெரிந்தவை என்பதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி அந்தச் சுவர்கள். அவற்றை ஆளுநரின் சொத்து என்று விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

அப்படியானால் ஊரார் என்ன செய்யலாம்? எஸ். முத்தையா இதற்கு ஒரு வழி காட்டினார். 2019இல் மறைந்த அவர், 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார். இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகு எழுதியதைவிட, வராதபோது அவர் எழுதியதே அதிகம். இந்த வீட்டில் யார் இருந்தார், இந்தக் கடையை யார் தொடங்கினார் என்று இதழுக்கு இதழ் எழுதினார். வழக்கறிஞர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் நெருக்கடி நேரத்தில் கை நீட்டினால் எடுக்கும்படி அந்தத் தகவல்கள் இருந்தன. 2004இலிருந்து ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் சென்னை நாளில் இளைஞர்கள் தெருத்தெருவாக நடந்து கட்டடம் பார்க்கிறார்களே, அது அவரும் நண்பர்களும் தொடங்கி வைத்தது. படி ஏறிப் பார்த்தவன்தான் நாளை அந்தப் படிக்காக வந்து நிற்பான்.

ஆனால் சென்னைக்கு வெளியே இந்தக் குரல் மிகவும் மெலிந்திருக்கிறது. உங்களில் பலர் வெளியூரிலிருந்து வந்து படிக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், சார்பதிவாளர் அலுவலகம், அரசு மருத்துவமனையின் பழைய வார்டு ஆகியவற்றுக்குப் பட்டியலும் இல்லை, பத்திரிகையும் இல்லை. மாநகரில் ஒரு கட்டடம் இடிந்தால் நாளிதழில் வரும். உங்கள் ஊரில் ஏலக்காரர் லாரி கொண்டு வந்து தேக்கை ஏற்றிப் போன பிறகுதான் ஊருக்கே தெரியும்.

விடுமுறைக்குப் போகும்போது அப்படி ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுங்கள், முகப்பை மட்டும் அல்ல. கூரை, மழைநீர்க் குழாய், கட்டை முனை. அங்கே வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். அவர்களுக்கு ஒழுகாத கூரையும் ஒழுங்கான கழிப்பறையும் கேட்டு மனுப் போடுங்கள். அவர்கள் உங்கள் பக்கம் வருவார்கள். ‘பழுது’ என்ற குறிப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று தெரிந்தால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். ஆய்வு செய்த நாள் எது, செய்தவர் எந்தப் பதவியில் இருப்பவர், என்ன சோதனை செய்தார், பழுதுபார்க்க மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, தயாரித்திருந்தால் தொகை எவ்வளவு என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். அந்தக் கேள்விகள் போய்ச் சேர்ந்த கோப்பில் அடுத்த கையெழுத்து அவ்வளவு எளிதாக விழாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

மாதிரி விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்து வந்திருக்கிறேன். வாசல் மேசையில் வைத்திருக்கிறார்கள்; வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று அங்கிருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போனால், பழைய கூரை வேலை தெரிந்த கொத்தனார் யாராவது அந்தப் பக்கம் இருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்கிறேன்.